இசைத்தட்டுக்கு இசையாத மனிதர்

கல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் தெரு என்று ஒன்று உண்டு. கவிஞர் மிர்ஸா காலிப்பின் பெயரை அதற்குச் சூட்டி வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் ஊரார் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். பழைய இசைத்தட்டுகள் விற்கும் சிறு கடைகள் சில அங்கே இருக்கின்றன. ரவீந்திர சங்கீதத்துக்கும் இந்திப் படப் பாட்டுகளுக்கும் நடுவே நம்மூர்த் தட்டு ஏதாவது தலைகாட்டாதா என்ற நப்பாசையில் நான் அவ்வப்போது அங்கே போவது வழக்கம். சென்ற தை மாதம் அப்படிப் போனபோது எம்.எஸ். கிடைக்கவில்லை, பெர்னார்டு ஹெர்மன் கிடைத்தார்.

யார் அவர் என்று கேட்கிறீர்களா? குளியல் அறையில் ஒரு பெண்ணைக் கத்தியால் குத்தும்போது பிடில்கள் வீல் வீலென்று அலறுமே, அதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். படத்தைப் பார்க்காதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். நம் விடுதியில் ஒருவரை ஒருவர் பயமுறுத்த வேண்டுமென்றால் வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போடுகிறோம் அல்லவா? 1960ஆம் ஆண்டு ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' படத்துக்கு அதை எழுதியவர் இந்த ஹெர்மன். இதில் விந்தை என்னவென்றால், உலகம் முழுவதும் பரவிய அந்தச் சங்கீதத்தைப் படம் வெளிவந்த நாளில் யாரும் இசைத்தட்டாக வெளியிடவில்லை. பதினைந்து வருஷங்களுக்குப் பிறகு, தாம் இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, அவரே நின்று நடத்தி அதை முழுவதுமாகப் பதிவு செய்யவேண்டியிருந்தது.

அவருடைய கதையில் எனக்குச் சிரத்தை ஏற்பட்டதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பொங்கல் விழாவில் நாம் போட்ட நாடகத்துக்குப் பின்னணி வாசித்தவன் நான். மகன் வீட்டை விட்டுப் போகும் காட்சிக்கு இரண்டு பிடில்களும் ஒரு சுருதிப் பெட்டியும் மட்டும் வைத்து ஏதோ ஒன்றை அமைத்திருந்தேன். ஒத்திகையில் அதைக் கேட்டவர்கள் தூக்கம் வருகிறது என்றார்கள்; எல்லாருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை வாசித்துவிடு, கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும் என்றார்கள். நானும் சரி என்றேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டுதான் போயிற்று. அதற்கு அடுத்த வாரம் இந்த மனிதருடைய தட்டு என் கையில் அகப்பட்டது. அதன் உறையைப் படித்தேன். பிறகு நூலகத்தில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு உறுத்தல்தான் மிஞ்சியது.

ஹெர்மன் 1911ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். வீட்டில் புத்தகமும் சங்கீதமும் உண்டு. பதின்மூன்று வயதில் ஒரு பாட்டு இயற்றி நூறு டாலர் பரிசு வாங்கினார் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர் பெர்லியோஸ், எந்த வாத்தியத்துக்கு என்ன குணம், எதை எதோடு சேர்த்தால் என்ன நிறம் பிறக்கும் என்றெல்லாம் எழுதிய பெரிய நூல் ஒன்று உண்டு. சிறுவன் அதைப் படித்துவிட்டு அதிலேயே ஊறிப் போனான். அவர் பிற்காலத்தில் செய்ததற்கெல்லாம் விதை அந்த நூலில் இருந்தது என்பது என் அபிப்பிராயம். மற்றவர்கள் ராகத்தைத் தேடினார்கள். இவர் நாதத்தைத் தேடினார். இருபது வயதில் சொந்தமாக ஒரு சிறு வாத்திய கோஷ்டியும் நடத்தத் தொடங்கிவிட்டார்.

1934ஆம் ஆண்டு ஸி.பி.எஸ். ரேடியோவில் வேலை கிடைத்தது. அக்காலத்து அமெரிக்க ரேடியோ கம்பெனிகள் சம்பளம் கொடுத்துச் சொந்த வாத்திய கோஷ்டிகளை வைத்திருந்தன. ஹெர்மன் நாடகங்களுக்குப் பின்னணி எழுதினார். யாரும் சீந்தாத இசைமேதைகளின் படைப்புகளைத் தேடிப் பிடித்து ஒலிபரப்பினார். சார்லஸ் ஐவ்ஸ் என்பவர் இன்று அமெரிக்காவில் பெரிய பெயர். அன்று இன்ஷ்யூரன்ஸ் தொழில் செய்து கொண்டே எழுதிக் குவித்த, ஊர் அறியாத மனிதர். அவருக்காகக் கொடி பிடித்த முதல் சிலரில் ஹெர்மன் ஒருவர்.

ரேடியோவில்தான் ஆர்சன் வெல்ஸ் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வந்துவிட்டதாக 1938 அக்டோபர் 30ஆம் தேதி ஒரு நாடகத்தை ஒலிபரப்பி, கேட்டவர்களில் பலரைக் கலங்க அடித்தாரே, அந்த வெல்ஸ்தான். அன்று ஸ்டூடியோவில் கோஷ்டியை நடத்தியவர் ஹெர்மன். வெல்ஸ் ஹாலிவுட்டுக்குப் போனபோது இவரையும் கையோடு அழைத்துப் போனார். இருபத்தைந்து வயது டைரக்டரும் இருபத்தொன்பது வயதுச் சங்கீதக்காரருமாகச் சேர்ந்து செய்த படம், 1941ஆம் ஆண்டு வெளிவந்த 'சிட்டிஸன் கேன்'.

ஹாலிவுட்டில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. படம் எடுத்து முடித்த பிறகு சங்கீதக்காரரைக் கூப்பிட்டுச் சில வார கெடு கொடுப்பார்கள். அவர் மெட்டை மட்டும் எழுதுவார். எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று பிரித்து எழுத வேறு ஆட்கள் இருப்பார்கள். ஹெர்மன் இதற்கு ஒப்பவே இல்லை. வாத்தியத்தைப் பிறரிடம் விடுவது, ஓவியன் கோட்டைப் போட்டுவிட்டு வர்ணத்தை வேறொருவனைப் பூசச் சொல்வதுபோல் அவருக்குத் தோன்றியது போலும். கடைசி வரை தம் சங்கீதத்தில் ஒவ்வொரு வாத்தியத்துக்குமான வரியைத் தாமே எழுதினார். வெல்ஸும் அவருக்கு வேண்டிய அவகாசம் கொடுத்தார். சில காட்சிகளைச் சங்கீதத்துக்குத் தக்கபடி வெட்டி ஒட்டவும் சம்மதித்தார். அந்தப் படத்தில் குரல் வளம் போதாத ஒரு பெண் ஆபராவில் பாடித் தோற்கும் காட்சி வருகிறது. மோசமான பாட்டு ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஹெர்மன் நல்ல பாட்டாகவே எழுதினார். ஆனால் அந்தக் குரலுக்கு எட்டாத ஸ்தாயியில் எழுதினார். பாட்டு நன்றாக இருக்க இருக்க, அந்தப் பெண்ணின் மீது நமக்கு இரக்கம் அதிகமாகிறது.

அதே வருஷம் வேறொரு படத்துக்கு எழுதிய சங்கீதத்துக்காக அவருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. அதுவே முதலும் கடைசியும். மறுவருஷம் வெல்ஸின் அடுத்த படத்தைக் கம்பெனிக்காரர்கள் கன்னாபின்னாவென்று வெட்டி, ஹெர்மனின் சங்கீதத்திலும் பெரும் பகுதியை எடுத்து எறிந்தார்கள். படத்திலிருந்து தம் பெயரையே நீக்கிவிடுமாறு அவர் கேட்டார், நீக்கினார்கள். முப்பத்தொரு வயதில் ஒருவன் தன் பெயரைத் தானே அழிக்கச் சொல்வதென்றால் என்ன பிடிவாதம் பாருங்கள்! முன்கோபம் அவருடன் கூடவே பிறந்தது. தயாரிப்பாளர்களிடமும் டைரக்டர்களிடமும் சக கலைஞர்களிடமும் அவர் சண்டை போடாத நாள் அபூர்வம். இதை மறைத்து அவரை மகானாக்க நான் விரும்பவில்லை. அவருடன் வாழ்வதும் சுலபமாக இல்லை. மூன்று முறை மணம் செய்துகொண்டார். முதல் மனைவி லூசில் பிளெட்சர் பிரபல ரேடியோ நாடகாசிரியை. 'உதரிங் ஹைட்ஸ்' நாவலை அவர் ஆபராவாக எழுதித் தர, ஹெர்மன் 1943 முதல் 1951 வரை அதற்குச் சங்கீதம் அமைத்தார். மணவாழ்க்கை 1948இல் முறிந்தது, ஆபரா முடிந்தது. அதை மேடையேற்ற நினைத்தவர்கள் இதைக் குறை, அதைக் குறை என்றார்கள். அவர் ஒரு வரியையும் குறைக்கவில்லை. ஆகவே அவர் உயிரோடு இருந்தவரை அது மேடையேறவில்லை.

நிற்க. கதாநாயகரை இங்கே சற்று நிறுத்திவிட்டு, இசைத்தட்டின் கதையைப் பார்க்க வேண்டும். அது தெரியாமல் பின்னால் வந்த வினை விளங்காது.

பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கினால் ஆனது. அந்த அரக்கில் பெரும் பகுதி நம் நாட்டிலிருந்து, அதிலும் இந்தக் கல்கத்தாவுக்கு மேற்கே சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து, மரத்தில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சியின் தயவால் உலகெங்கும் போயிற்று. அரக்குத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம், பெரிய தட்டாக இருந்தால் நாலைந்து நிமிஷம் ஓடும். ஒரு பாட்டுக்கு அது போதும். படத்தின் பின்னணிச் சங்கீதத்துக்குப் போதாது. ஆகவே பின்னணியைத் தட்டில் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1942இல் மிக்லோஸ் ரோஷா என்ற ஹங்கேரிக்காரர் 'ஜங்கிள் புக்' படத்துக்கு எழுதிய சங்கீதத்தைப் பல தட்டுகளாக வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பாட்டுப் படமல்லாத ஒரு படத்தின் சங்கீதம் தட்டேறியதற்கு அதையே முதல் உதாரணமாகச் சொல்வது வழக்கம். அதிலும் சங்கீதம் தனியாக நிற்கும் என்று நம்பிக்கை இல்லாமல், கதை சொல்ல ஓர் ஆளை வைத்தார்கள். யார் தெரியுமா? மைசூர்ச் சீமையில் யானைப்பாகன் மகனாகப் பிறந்து ஹாலிவுட் போன நம் சபு!

1948 ஜூன் மாதம் கொலம்பியா கம்பெனி வினைல் பிளாஸ்டிக்கில் நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. நிமிஷத்துக்கு 33 1/3 சுற்று. ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். சத்தமும் கரகரப்பில்லாமல் வந்தது. இந்தக் கொலம்பியா, ஹெர்மன் வேலை பார்த்த அதே ஸி.பி.எஸ்.ஸுக்குச் சொந்தமானது. ஒரே கூரைக்குக் கீழ் ஒருபுறம் நெடுந்தட்டு பிறந்தது; மறுபுறம் ரேடியோவின் வாத்திய கோஷ்டி 1951இல் கலைக்கப்பட்டது. பதினேழு வருஷம் வேலை பார்த்த இடம் போயிற்று. ஹெர்மன் ஹாலிவுட்டையே முழு நேரமும் நம்ப வேண்டியதாயிற்று.

அங்கே அவர் செய்த விசித்திரங்களைச் சொல்லி மாளாது. 1951இல் வேற்றுக் கிரகத்தான் வாஷிங்டனில் வந்து இறங்கும் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு, கையால் தொடாமலே வாசிக்கும் தெரமின் என்ற மின்வாத்தியம் இரண்டைப் பயன்படுத்தினார். கதைக்கு எது வேண்டுமோ அந்த வாத்தியம்; வேண்டாதது எதுவானாலும், பிடிலே ஆனாலும், வெளியே! மெட்டும் அப்படித்தான். நீண்ட பல்லவி, அனுபல்லவி என்று அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று ஸ்வரங்கள் கொண்ட சிறு துணுக்கு. அதையே திரும்பத் திரும்ப வேறு வேறு நிறத்தில் காட்டுவார். பார்ப்பவன் அரைக் காதால்தான் கேட்கிறான், அவனுக்குச் சிறு துணுக்குதான் மனத்தில் தங்கும் என்பது அவர் கட்சி. இதில் ஒரு சங்கடம்: முணுமுணுக்க ஒன்றும் கிடையாது. முணுமுணுக்க முடியாததைத் தட்டில் போட்டு விற்பது எப்படி?

1955இல் தொடங்கி ஹிட்ச்காக்கின் எட்டுப் படங்களில் அவர் வேலை செய்தார். 1956இல் வந்த 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்து மேடையில் கோஷ்டியை நடத்துபவர் ஹெர்மனேதான். வாசல் சுவரொட்டியில் அவர் பெயர்கூடத் தெரியும். 1958இல் 'வெர்ட்டிகோ'. அதன் சங்கீதத்தை மெர்குரி கம்பெனி ஒரு நெடுந்தட்டாக வெளியிட்டது. அப்போது அமெரிக்க வாத்தியக்காரர்கள் வேலை நிறுத்தம் செய்ததால் பதிவு ஐரோப்பாவில் நடந்தது. தாம் எழுதியதைத் தாமே நடத்த ஹெர்மனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1959இல் 'ட்விலைட் ஸோன்' என்ற டெலிவிஷன் தொடருக்கு முதல் முகப்புச் சங்கீதம் எழுதினார். பலருடைய காதில் இன்று நிற்பது அது அல்ல. பின்னால் மாற்றி வைத்த, வேறொருவர் எழுதிய துணுக்கு.

பிறகு 'சைக்கோ'. ஹிட்ச்காக் அதைச் சிக்கனமாக, கறுப்பு வெள்ளையில், டெலிவிஷன் ஆட்களை வைத்து எடுத்தார். சங்கீதத்துக்கும் கை இறுக்கம்தான். ஹெர்மன் என்ன செய்தார்? ஊதுகுழல் இல்லை, முழவு இல்லை. தந்தி வாத்தியங்கள் மட்டும். படம் கறுப்பு வெள்ளை என்றால் சங்கீதமும் கறுப்பு வெள்ளை. நானும் மாயவரத்தில் அத்தையிடம் ஏழு வருஷம் பிடில் படித்தவன். அது கொஞ்சும், கெஞ்சும், அழும் என்று தெரியும். அது குத்தும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படம் முழுவதும் பிடில்களின் குதிரையில் ஒலியைக் குறைக்கும் சிறு கவ்வியை மாட்டி, மூச்சடைத்ததுபோல் வாசிக்க வைத்தார். குளியல் அறைக் காட்சியில் மட்டும் கவ்வியைக் கழற்றினார். இத்தனைக்கும் அந்தக் காட்சிக்குச் சங்கீதமே வேண்டாம் என்பது ஹிட்ச்காக்கின் உத்தரவு. இவர் கேட்காமல் எழுதிக் கொண்டுபோனார். ஹிட்ச்காக் இரண்டு விதமாகவும் பார்த்துவிட்டு, தம் உத்தரவைத் தாமே தள்ளினார். டைரக்டரின் பெருந்தன்மையையும் இங்கே பாராட்டத்தான் வேண்டும்.

மூன்று வருஷம் கழித்து 'தி பேர்ட்ஸ்' படத்தில் சங்கீதமே இல்லை. பறவைகளின் ஒலியை மின்வாத்தியத்தில் உண்டாக்கினார்கள். அதற்கு ஆலோசகர் ஹெர்மன். சங்கீதம் எழுதாமலிருக்கவும் தெரிந்த சங்கீதக்காரர்! நம் வீணை பாலசந்தர் 1954இல் 'அந்த நாள்' படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தபோது ஊர் எப்படி வியந்தது என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தத் துணிச்சல் எனக்கு இங்கே ஞாபகம் வருகிறது.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1952இல் 'ஹை நூன்' என்ற குதிரைக்காரப் படத்தின் பாட்டு, படத்துக்கே விளம்பரமாயிற்று. 1959இல் ஹென்றி மான்சினி 'பீட்டர் கன்' டெலிவிஷன் தொடருக்கு எழுதிய ஜாஸ் சங்கீதம் நெடுந்தட்டாக வந்து பிரமாதமாக விற்றது. அவ்வருஷம் புதிதாக ஏற்பட்ட கிராமி பரிசில் சிறந்த தட்டு என்ற விருதை அதுவே பெற்றது. 1961இல் அவருடைய 'மூன் ரிவர்' உலகையே ஆட்டியது. பட முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். படம் ஓடினால் தட்டு விற்கும். தட்டு விற்றால் படம் ஓடும். ஆகவே பாட்டு வேண்டும். ஹிட்ச்காக்கின் படங்களை வெளியிட்ட யூனிவர்ஸல், 1962இல் எம்.ஸி.ஏ. என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அமெரிக்க டெக்கா தட்டுக் கம்பெனியும் அதே கையில். படம் எடுப்பவரும் தட்டு விற்பவரும் ஒருவரே ஆனபின் சங்கீதக்காரர் பாடு என்னாகும்? மான்சினியை நான் குறை சொல்லவில்லை. அவர் மெட்டுகள் அழகானவை. வந்த கேடு என்னவென்றால், எல்லாரும் மான்சினி ஆகவேண்டும் என்று கேட்டதுதான்.

1966ஆம் ஆண்டு 'டார்ன் கர்ட்டன்'. பால் நியூமன், ஜூலி ஆண்ட்ரூஸ் என்று பெரிய நட்சத்திரங்கள். பழைய பாணி வேண்டாம், இளைஞர்கள் கேட்கும் தாளம் வேண்டும் என்று கம்பெனி நெருக்கியது. ஹிட்ச்காக்கும் அதையே ஹெர்மனுக்குத் தந்தியில் தெரிவித்தார். முந்தின படம் சரியாக ஓடாததால் அவருக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்க வேண்டும். ஹெர்மன் செய்வதாகத்தான் ஒப்புக்கொண்டார். ஆனால் எழுதியது என்ன? பன்னிரண்டு புல்லாங்குழல், பதினாறு ஹார்ன், ஒன்பது டிராம்போன், இரண்டு டியூபா, கீழ் ஸ்தாயித் தந்திகள். ஒரு பிடில்கூடக் கிடையாது. இரும்பாலை ஓடுவதுபோன்ற சங்கீதம். கொலைக் காட்சி ஒன்றுக்குச் சங்கீதம் வேண்டாம் என்று சொல்லியிருந்தும், பழைய ஞாபகத்தில் அதற்கும் எழுதினார். மார்ச் மாதம் ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கையில் ஹிட்ச்காக் வந்து சிறிது கேட்டார். நிறுத்தச் சொன்னார். வாத்தியக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் பதினோரு வருஷ உறவு அந்த அறையில் முடிந்தது. அதன்பின் இருவரும் ஒரு படத்திலும் சேரவில்லை.

யார் பக்கம் நியாயம்? எனக்கு ஹெர்மன் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் முழுவதும் சாயவில்லை. வேலை கொடுப்பவர் ஒன்றைக் கேட்க, செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்வது சரியா? முடியாது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் ஒத்திகையில் தலையாட்டினேன், அவர் தந்திக்குத் தலையாட்டினார். அது மட்டும் இருவருக்கும் பொது. பிறகு காகிதத்தில் பேனாவை வைத்தபோது அவருடைய கை கேட்கவில்லை. என் கை கேட்டுவிட்டது. ஜான் அடிஸன் என்பவர் வேறு சங்கீதம் எழுத, பாட்டும் சேர்ந்தது. டெக்கா தட்டும் வெளிவந்தது. அந்தப் பாட்டை முணுமுணுப்பவர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

ஹாலிவுட்டில் ஹெர்மனைத் தேடுவார் குறைந்தார்கள். அவர் இங்கிலாந்தை நாடினார். அவருக்குச் சிறுவயது முதலே ஆங்கில இலக்கியத்திலும் சங்கீதத்திலும் மோகம் உண்டு. முதலில், யாரும் மேடையேற்றாத தம் ஆபராவை 1966இல் சொந்தப் பணத்தில் நான்கு நெடுந்தட்டுகளாகப் பதிவு செய்தார். மேடை இல்லாவிட்டால் தட்டு! விரட்டிய தட்டையே வீடாக்கிக் கொண்டார் என்று சொல்லலாமா? பாரிஸிலிருந்து ட்ரூஃபோ என்ற இளம் டைரக்டர் தேடி வந்து 'ஃபாரன்ஹீட் 451' படத்தைக் கொடுத்தார். பிறகு லண்டனில் இருந்த டெக்கா (அமெரிக்க டெக்கா வேறு, இது வேறு, பெயர் ஒன்றானாலும் அப்போது முதலாளி வேறு) அவரை அழைத்தது. இருபது ஒலிவாங்கிகளின் ஒலியை ஒருங்கே சேர்க்கும் மேஜையை வைத்து, ஒவ்வொரு வாத்தியமும் நம் முகத்துக்கு எதிரே நிற்பதுபோல் பதிவு செய்யும் 'ஃபேஸ் ஃபோர்' என்ற வரிசை அவர்களுடையது. சுத்த சங்கீதக்காரர்கள் அதைப் பகட்டு என்று ஒதுக்கினார்கள். வாத்தியத்தின் நிறத்துக்காகவே வாழ்ந்த மனிதருக்கு அது பொருந்தாமல் போகுமா? 1960களின் கடைசியில் லண்டன் பில்ஹார்மானிக் கோஷ்டியை வைத்து, ஹிட்ச்காக் படங்களுக்குத் தாம் எழுதியவற்றைத் தாமே நடத்திப் பதிவு செய்தார். 'சைக்கோ'வின் ஒரு பகுதி முதன்முதலாக அதில் வந்தது. தாமதமாக, மெதுவாக நடத்துகிறார் என்று அந்தத் தட்டுகளைக் குறை கூறுவோர் உண்டு. எனக்கும் சில இடங்களில் அப்படிப் பட்டது. வயதான மனிதர் தம் பிள்ளைகளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார். வேகமாக நடக்க மனம் வரவில்லை போலும்.

1974இல் சார்லஸ் கெர்ஹார்ட் என்பவர் ஆர்.ஸி.ஏ. கம்பெனிக்காகச் 'சிட்டிஸன் கேன்' உள்ளிட்ட ஹெர்மன் சங்கீதத்தைப் பதிவு செய்தார். எட்டாத ஸ்தாயியில் எழுதிய அந்த ஆபராப் பாட்டை, அதில் கிரி டெ கனாவா என்ற நியூஸீலாந்துப் பாடகி, எட்டிப் பாடினார். முப்பத்துமூன்று வருஷங்களாகத் தோற்றுக்கொண்டிருந்த பாட்டு ஜெயித்தது. நான் ஃப்ரீ ஸ்கூல் தெருவில் வாங்கியது இந்தத் தட்டைத்தான்.

இவற்றைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் படம் எடுக்க வந்துவிட்டார்கள். பிரயன் டி பால்மா இவரைத் தேடிப் பிடித்தார். மார்ட்டின் ஸ்கார்சீஸி 'டாக்ஸி டிரைவர்' படத்துக்கு அழைத்தார். 1975 அக்டோபரில் லண்டனில் 'சைக்கோ'வை முழுவதுமாகத் தட்டுக்குப் பதிவு செய்து முடித்துவிட்டு, தளர்ந்த இருதயத்தோடு ஹெர்மன் அமெரிக்கா போனார். டிசம்பர் 23ஆம் தேதி 'டாக்ஸி டிரைவர்' ஒலிப்பதிவு முடிந்தது. படத்தின் இறுதியில் 'சைக்கோ'வின் மூன்று ஸ்வரத் துணுக்கு ஒன்றையும் வைத்தார். ஹோட்டலுக்குத் திரும்பிப் படுத்தார். 24ஆம் தேதி விடிவதற்குள் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது அறுபத்துநாலு. ஸ்கார்சீஸி அந்தப் படத்தை அவருக்கே காணிக்கையாக்கினார்.

'டாக்ஸி டிரைவர்' தட்டு 1976இல் வெளிவந்தது. அதில் ஒரு பக்கத்தில்தான் ஹெர்மன் பதிவு செய்தது இருந்தது. மற்றப் பக்கத்தில் அதே மெட்டுகளை விற்பனைக்கு ஏற்றபடி வேறொருவர் மாற்றி அமைத்திருந்தார். இறந்த பிறகும் விட்டார்களா பாருங்கள்! மறுவருஷம், 1977இல், எல்மர் பெர்ன்ஸ்டைன் என்ற மற்றொரு பட சங்கீதக்காரர், சந்தாதாரர்களைச் சேர்த்துத் தாமே நடத்திவந்த தட்டு வரிசையில், ஹிட்ச்காக் நிறுத்தச் சொன்ன 'டார்ன் கர்ட்டன்' சங்கீதத்தைப் பதிவு செய்து வெளியிட்டார். ஒரு பாட்டும் இல்லை. ஒரு பிடிலும் இல்லை. எழுதியபடியே. ஆபரா 1982இல் அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரத்தில் மேடையேறியது.

என்னிடமுள்ள ஆர்.ஸி.ஏ. தட்டைக் கேட்க விரும்பும் அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் அறைக்கு வரலாம். சுழற்றும் பெட்டி பக்கத்து அறைப் பஞ்சாபி நண்பருடையது; அவர் இருக்கும்போதுதான் தொட முடியும். தட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கீறல் இருக்கிறது. ஊசி அங்கே வந்ததும் ஒரு சுற்றுப் பின்னால் குதிக்கும், லேசாகத் தட்டிவிட வேண்டும். நாடகத்துக்காக எழுதி நான் வாசிக்காமல் விட்ட அந்த இரண்டு பிடில் துண்டும் நோட்டில்தான் இருக்கிறது. இரண்டாவது பிடில் பிடிக்க யாராவது முன்வந்தால் அதையும் வாசிக்கலாம்.